16.7 மில்லி விநாடிக் கணக்கு

ஒரு விநாடியை 60 பங்காக்கினால் ஒரு பங்கு 16.7 மில்லி விநாடி. திரையில் ஒரு கார் ஆட்டம் வழுக்கிக்கொண்டு போகிறது என்றால், இந்த 16.7 மில்லி விநாடிக்குள் ஒவ்வொரு முறையும் ஒரு முழுப் படம் தயாராகிவிடுகிறது என்று பொருள். அதற்குள் இயந்திரம் நம் கட்டைவிரல் எதை அழுத்தியது என்று படித்து, காரை நகர்த்தி, அது எதிலாவது மோதுகிறதா என்று பார்த்து, நிழல் விழவைத்து, 20 லட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகளுக்கு நிறம் தீர்மானித்து முடித்திருக்க வேண்டும். முடியாவிட்டால் பழைய படமே இன்னொரு சுற்று திரையில் நிற்கும். விளையாடும் பிள்ளைகள் ‘லேக் அடிக்குது’ என்று அலுத்துக்கொள்வதில் பெரும்பங்கு இந்தத் தாமதம்தான்.

கன்சோல் வாங்கலாமா, கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யலாமா, வீட்டில் இருக்கும் கம்ப்யூட்டரிலேயே கிராபிக்ஸ் கார்டு போட்டுவிடலாமா என்று யாரிடம் கேட்டாலும் எண்களாகத்தான் பதில் வருகிறது. இத்தனை கோர், இத்தனை ஜிபி, இத்தனை டெராஃப்ளாப். அவை உண்மையான எண்களே. ஆனால் தனித்தனிப் பாகங்களின் எண்கள். ஒரு பாகம் வேலையை முடிக்கும்வரை மற்ற பாகங்கள் சும்மா காத்திருந்தால், அந்த மற்ற பாகங்களுக்குக் கொடுத்த பணம் அந்த நேரத்தில் வீண். காத்திருக்க வைப்பது எந்தப் பாகம் என்று தெரிந்துகொண்ட பிறகுதான் பணத்தை எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நம் ஊரில் பல ஆயிரம் ரூபாய் தவறான பாகத்தில் போய் முடங்குவதைப் பார்த்தால் மனது கேட்பதில்லை.

ஒரு படம் இரண்டு கை மாறி உருவாகிறது. முதலில் சிபியு ஆட்டத்தின் உலகத்தை ஒரு சிறு அடி முன்னே நகர்த்துகிறது: எதிரி எந்தப் பக்கம் ஓடுகிறான், பந்து எங்கே விழும், சுவர் இடிந்தால் எந்தக் கல் எங்கே உருளும். பிறகு என்னென்ன வரைய வேண்டும் என்ற கட்டளைகளை கிராபிக்ஸ் கார்டிடம் தருகிறது. கார்டு அதை வரைந்துகொண்டிருக்கும்போதே சிபியு அடுத்த படத்தின் கணக்கில் இறங்கிவிடுகிறது. கல்யாணப் பந்தியில் சமையல்கட்டும் பரிமாறும் ஆட்களும் ஒரே நேரத்தில் இயங்குவது மாதிரிதான். சாதம் வடிக்க நேரமானால், பரிமாற இன்னும் பத்துப் பேரைக் கூட்டி வந்தாலும் பந்தி வேகமாக நகராது.

எண்ணில் வைத்துப் பார்க்கலாம். ஒரு படத்துக்குச் சிபியு 22 மில்லி விநாடி எடுக்கிறது, கார்டு 12 எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் ஒரே நேரத்தில் இயங்குவதால் நேரத்தைக் கூட்ட வேண்டாம். பெரியது எதுவோ அதுவே கணக்கு. 22 மில்லி விநாடிக்கு ஒரு படம், அதாவது விநாடிக்குச் சுமார் 45 படம். இப்போது கடன் வாங்கி, 6 மில்லி விநாடியில் வரையக்கூடிய புதுக் கார்டு ஒன்றைப் போடுகிறோம். கார்டின் வேகம் இரு மடங்கு. திரையில் வருவது அதே 45.

எது இழுக்கிறது என்று கண்டுபிடிக்கச் செலவே கிடையாது. ஆட்டத்தின் அமைப்புக்குள் போய், ரெசல்யூஷனை 1080-லிருந்து 720-க்கு இறக்கிப் பாருங்கள். வரைய வேண்டிய புள்ளிகள் பாதிக்கும் கீழே போய்விடும். சிபியுவின் வேலையோ அப்படியே இருக்கும். ஃபிரேம் எண்ணிக்கை, அதாவது விநாடிக்கு வரும் படங்களின் எண்ணிக்கை, தாவினால் கார்டுதான் மெதுவாக இருந்தது. எண் அசையவே இல்லையென்றால் தாமதம் சிபியுவிடமோ மெமரியிடமோ இருக்கிறது. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் போன்ற இலவச மென்பொருள் இருந்தால் ஆட்டத்தின் மூலையிலேயே கார்டு எத்தனை சதவீதம் உழைக்கிறது என்று ஓடிக்கொண்டிருக்கும். 97, 98 என்று நின்றால் கார்டு முழு மூச்சில் இருக்கிறது. 55, 60 என்று அலைந்தால் அது யாருக்காகவோ காத்துக்கொண்டிருக்கிறது.

இதில் பலர் விழும் பள்ளம் ஒன்று உண்டு. டாஸ்க் மேனேஜரைத் திறந்து, சிபியு 30 சதவீதம்தான் வேலை செய்கிறது, அதில் பிரச்சினை இல்லை என்று முடிவுகட்டிவிடுவார்கள். ஒரே நேரத்தில் எட்டு வேலைவரிசைகளை (த்ரெட்) ஓட்டும் சிபியுவில் ஒன்று மட்டும் திணறிக்கொண்டிருந்து மற்ற ஏழும் ஓய்ந்திருந்தால் அங்கே காட்டும் எண் 12.5 சதவீதம்தான். பல ஆட்டங்களில் முக்கியமான வேலை முழுவதும் ஒரே த்ரெட்டின் தலையில்தான் இருக்கும். அது முடியாமல் படம் நகராது. இதனால்தான் கோர் எண்ணிக்கையைப் பார்த்துச் சிபியு வாங்கியவர்கள் ஏமாறுகிறார்கள்.

சராசரி ஃபிரேம் எண்ணிக்கையும் முழுக் கதையைச் சொல்லாது. ஒரு விநாடியில் 59 படம் சரளமாக வந்து, நடுவே ஒன்று மட்டும் 100 மில்லி விநாடி திக்கினால், சராசரியில் அது கரைந்துபோகும், கண்ணுக்குத் தப்பாது. 2011-ல் டெக் ரிப்போர்ட் இணையதளத்தின் ஸ்காட் வாசன் ஒவ்வொரு படமும் எத்தனை மில்லி விநாடி எடுத்தது என்று தனித்தனியாக அளந்து எழுதிய பிறகே, வன்பொருளை மதிப்பிடும் எழுத்தில் இந்தப் பார்வை பரவியது. மிக மெதுவாக வந்த 1 சதவீதப் படங்களின் வேகத்தைக் காட்ட இன்று விமர்சனங்களில் வரும் ‘1 சதவீத லோ’ என்ற எண் அந்த வழியில் வந்ததுதான். சராசரியை விட்டுவிட்டு அந்த எண்ணைப் பாருங்கள்.

இனி கன்சோல். 2020 நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 5-ஐப் பிரித்துப் பார்த்தால் அதில் தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. ஏஎம்டி செய்த ஒரே சில்லில் எட்டு சிபியு கோர்களும் கிராபிக்ஸ் பகுதியும் சேர்ந்தே இருக்கின்றன. தனிக் கார்டு இல்லாத கம்ப்யூட்டர்களிலும் அமைப்பு இதேதான். 2021-ல் வந்த ரைசன் 5 5600ஜி-யும் சிபியுவும் கிராபிக்ஸும் சேர்ந்த சில்லுதான். அப்படியிருக்க ஒன்றில் பெரிய ஆட்டங்கள் 4கே டிவியில் ஓடுகின்றன, மற்றதில் 1080-லேயே அமைப்புகளைக் குறைத்து ஆட வேண்டியிருக்கிறது. பிளேஸ்டேஷனின் கிராபிக்ஸ் பகுதி பல மடங்கு பெரியது என்பது ஒரு காரணம். அதற்கு இணையான இன்னொரு காரணம் மெமரி.

படம் வரைவது என்பது பாதிக்குப் பாதி மெமரியிலிருந்து எடுப்பதும் வைப்பதும்தான். டிடிஆர்4-3200 ராம் ஒன்று விநாடிக்கு 25.6 ஜிபி தரவைக் கொண்டுபோகும். இரண்டு ராம் இருந்து இரண்டு சேனலும் இயங்கினால் 51.2. பிளேஸ்டேஷன் 5-ல் உள்ள 16 ஜிபி ஜிடிடிஆர்6 மெமரியில் இந்த எண் 448. சிபியுவும் கிராபிக்ஸும் இந்த ஒரே மெமரியைப் பகிர்ந்துகொள்வதால், ஒன்றிலிருந்து மற்றதற்குத் தரவை நகலெடுக்கும் வேலையும் மிச்சம். கம்ப்யூட்டரில் கார்டுக்குத் தனி மெமரி, சிபியுவுக்குத் தனி மெமரி, நடுவே பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதை. அந்தப் பாதை மூன்றாம் தலைமுறை 16 லேன் (தடம்) என்றால் விநாடிக்கு 16 ஜிபிக்குக் கொஞ்சம் குறைவு. கார்டின் மெமரி நிரம்பி வழிந்து, தரவு இந்தப் பாதை வழியே அங்கும் இங்கும் போகத் தொடங்கியதும் படம் திக்கும். 2023 மார்ச்சில் ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 1’ கம்ப்யூட்டருக்கு வந்தபோது 8 ஜிபி கார்டு வைத்திருந்தவர்கள் பட்ட பாட்டுக்கு இதுவும் ஒரு காரணம்.

ஜிடிடிஆர்6-ன் வேகத்துக்கு ஒரு விலை உண்டு. அந்த வேகத்தில் மின்குறிகள் சிதையாமல் போக, மெமரிச் சில்லுகளைச் செயலிக்கு மிக அருகில் பலகையோடு சேர்த்துப் பற்றவைத்தாக வேண்டும். கழற்றி மாட்டும் ஸ்லாட் வைத்தால் அந்த வேகம் கிடைக்காது. கன்சோலில் மெமரியைக் கூட்ட முடியாததற்கு நிறுவனத்தின் பிடிவாதத்தைவிட இந்த இயற்பியல்தான் முதல் காரணம். முதல் நாளில் எத்தனை ஜிபியோ கடைசி நாள்வரை அத்தனைதான். 16 ஜிபி உள்ள எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸின் தம்பியாக 10 ஜிபியோடு வந்தது சீரிஸ் எஸ். 2023-ல் ‘பால்டர்ஸ் கேட் 3’ ஆட்டத்தில் இருவர் திரையைப் பாதியாகப் பிரித்து ஆடும் வசதியை அந்தச் சிறிய இயந்திரத்தில் கொண்டுவர முடியாமல், எக்ஸ்பாக்ஸ் வெளியீடே மாதக்கணக்கில் தள்ளிப்போனது. கடைசியில் சீரிஸ் எஸ்-ஸுக்கு மட்டும் அந்த வசதி இல்லாமலேயே வெளியிட்டார்கள்; 2025-ல்தான் அது வந்து சேர்ந்தது. எனவே கன்சோல் வாங்குபவர் விலையில் கொஞ்சம் மிச்சம் பிடிக்கச் சிறிய மாடலுக்குப் போக வேண்டாம். பிறகு சரிசெய்ய வழியே இல்லாத குறை அது.

மாற்றவே முடியாது என்ற அதே குணம்தான் கன்சோலின் பலமும். ‘ஜிடிஏ 5’ 2013 செப்டம்பரில் பிளேஸ்டேஷன் 3-ல் வந்தது. அந்த இயந்திரத்தில் இருந்தது 256 எம்பி முதன்மை மெமரி, கிராபிக்ஸுக்கு இன்னொரு 256 எம்பி. ஒரு முழு நகரத்தையும் மலையையும் கடலையும் அதற்குள் அடக்கினார்கள். 2015-ல் அதே ஆட்டம் கம்ப்யூட்டருக்கு வந்தபோது கேட்ட குறைந்தபட்ச ராம் 4 ஜிபி. படத்தின் தரம் உயர்ந்திருந்தது, விண்டோஸுக்கும் இடம் வேண்டும். இரண்டையும் கழித்துப் பார்த்தாலும் வித்தியாசம் பெரிது. கோடிக்கணக்கான வீடுகளில் ஒரே மாதிரி இயந்திரம் இருக்கிறது என்று தெரிந்தால் ஒவ்வொரு எம்பியையும் அளந்து செலவழிக்கலாம். ஆயிரம் விதமான கம்ப்யூட்டர்களுக்கு அந்தக் கைவேலை சாத்தியமில்லை.

ஷேடர் விஷயமும் இப்படித்தான். ஒரு பொருளின் பரப்பு எப்படி மின்ன வேண்டும், தண்ணீரில் ஒளி எப்படி உடைய வேண்டும் என்று சொல்லும் சிறு நிரல்களுக்கு ஷேடர் என்று பெயர். அதை அந்தந்த கிராபிக்ஸ் சில்லின் மொழிக்கு மாற்றினால்தான் அது ஓடும். கன்சோலில் சில்லு ஒன்றே என்பதால், ஆட்டத்தைத் தயாரிப்பவர்களே மாற்றி முடித்துக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். கம்ப்யூட்டரில் எந்தக் கார்டு, எந்த டிரைவர் என்று அவர்களுக்குத் தெரியாது. மாற்றும் வேலை நம் வீட்டில்தான் நடக்க வேண்டும். சில ஆட்டங்கள் முதல்முறை திறக்கும்போது நெடுநேரம் ‘ஷேடர் தயாராகிறது’ என்று காக்க வைப்பது இதற்குத்தான். அப்படி முன்கூட்டியே செய்யாத ஆட்டத்தில், புதிதாக ஒரு வெடிப்பு திரையில் வரும்போது படம் ஒரு நொடி உறைந்து பிறகு ஓடும். எவ்வளவு விலையுயர்ந்த கார்டு போட்டாலும் இந்த உறைதல் முழுதாகப் போகாது. டிரைவரைப் புதுப்பித்தால் சேமித்து வைத்த மாற்றங்கள் அழிந்து, முதலிலிருந்து தொடங்கும். 2022-ல் வந்த ஸ்டீம் டெக் என்ற கையடக்க இயந்திரம், கம்ப்யூட்டர் வகையைச் சேர்ந்தாலும் எல்லோரிடமும் ஒரே வகைச் சில்லு என்பதால், வால்வ் நிறுவனம் ஷேடர்களை முன்பே மாற்றி அனுப்புகிறது.

எஸ்எஸ்டியைப் பற்றி ஒரு திருத்தம் தேவை. எஸ்எஸ்டி போட்டால் ஃபிரேம் கூடும் என்று கடைகளில் சொல்வார்கள். பெரும்பாலும் கூடாது. கூடுவது ஆட்டம் ஏறும் வேகமும், ஓடும்போது புதுத் தெருவும் கட்டடமும் தடங்கலின்றி வந்து சேர்வதும்தான். பிளேஸ்டேஷன் 5-ன் சிற்பி மார்க் செர்னி 2020 மார்ச்சில் ஆற்றிய உரையில் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு சொன்னார். பழைய ஹார்ட் டிஸ்க்கில் முள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்வதற்கே பல மில்லி விநாடி ஆகும். அதனால் ‘ஸ்பைடர்மேன்’ ஆட்டத்தில் தெருவோரம் நிற்கும் சாதாரணப் பொருள்களின் தரவை, ஒவ்வொரு தெருவின் தரவோடும் சேர்த்துத் திரும்பத் திரும்ப எழுதிவைத்தார்கள். சில பொருள்கள் டிஸ்க்கில் 400 முறை பதிந்திருந்தனவாம். விநாடிக்கு 5.5 ஜிபி தரும் எஸ்எஸ்டி வந்த பிறகு அந்த வீண் நகல்களுக்கு வேலை இல்லாமல் போனது. இன்றைய புது ஆட்டங்கள் பல எஸ்எஸ்டியை அவசியம் என்றே கேட்கின்றன. ஹார்ட் டிஸ்க்கோடு ஓடும் பழைய கம்ப்யூட்டரில் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

நம் ஊரில் பல வீடுகளில் இருப்பது அலுவலகங்கள் கழித்துவிட்ட மெலிந்த டெஸ்க்டாப். செகண்ட் ஹேண்டில் குறைந்த விலைக்குக் கிடைப்பது. நான்காவது அல்லது ஆறாவது தலைமுறை இன்டெல் ஐ5 சிபியு, ஒற்றை 8 ஜிபி ராம், ஹார்ட் டிஸ்க். இதில் கிராபிக்ஸ் கார்டு போட ஆசைப்படும் மாணவர்கள் ஏராளம். பக்கவாட்டு மூடியைக் கழற்றி உள்ளே பார்த்தால் மூன்று விஷயம் கண்ணில் படும். பெட்டி மெலிந்தது, ஆகவே அரை உயரக் கார்டுதான் உள்ளே போகும். எஸ்எம்பிஎஸ் சிறியது, அதிலிருந்து கார்டுக்கென்று தனி ஒயர் வராது. பல மாடல்களில் மதர்போர்டுக்குப் போகும் மின் இணைப்பும் அந்த நிறுவனத்துக்கே உரிய வடிவம், வெளியே வாங்கும் எஸ்எம்பிஎஸ் அப்படியே பொருந்தாது. அப்படியானால் கார்டுக்கு மின்சாரம் எங்கிருந்து வரும்? பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டே அதிகபட்சம் 75 வாட் தரும். அந்த 75 வாட்டுக்குள் அடங்கும் கார்டுகள்தான் இந்தப் பெட்டிக்கு ஆகும்: 2016-ன் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 2019-ன் ஜிடிஎக்ஸ் 1650 போன்றவை, தனி ஒயர் கேட்காத அரை உயர மாடல்களாகப் பார்த்து. 2022-ல் வந்த ஆர்எக்ஸ் 6400-ம் இந்த அளவுதான். ஆனால் அது நான்கே நான்கு லேன்களில் பேசும் கார்டு. நான்காம் தலைமுறை ஸ்லாட்டை நினைத்துச் செய்தது. பழைய டெஸ்க்டாப்பின் மூன்றாம் தலைமுறை ஸ்லாட்டில் அந்த நான்கு லேனின் வேகமும் பாதியாகி, கார்டின் திறன் குறைந்துவிடும். அட்டைப் பெட்டியில் இது எழுதியிருக்காது.

இந்த டெஸ்க்டாப்பில் என் வரிசை இது: முதலில் ஒரு சாட்டா எஸ்எஸ்டி, அடுத்து இருப்பதற்கு ஜோடியாக இன்னொரு 8 ஜிபி ராம், அதன் பிறகே 75 வாட் கார்டு, அதுவும் செகண்ட் ஹேண்டில் நியாயமான விலைக்குக் கிடைத்தால். அதற்கு மேல் ஒரு ரூபாய்கூடப் போடக் கூடாது. 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு நின்றுவிட்டது. விண்டோஸ் 11 இன்டெலில் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய சிபியுக்களைப் பெரும்பாலும் அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. ‘வேலரன்ட்’ போன்ற ஆட்டம் விண்டோஸ் 11-ல் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு ஏற்பாடுகள் இல்லாவிட்டால் திறக்காது. அந்த டெஸ்க்டாப் படிப்புக்கும் பழைய ஆட்டங்களுக்கும் இன்னும் நன்றாக உழைக்கும். அதற்கு அதிகமாக அதனிடம் கேட்பது நியாயமில்லை.

கம்ப்யூட்டரில் பாகம் மாற்றும் சுதந்திரம் எவ்வளவு உண்மையானது என்பது மதர்போர்டின் சாக்கெட்டைப் பொறுத்தது. ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டில் 2017-ல் முதல் ரைசன் வாங்கியவர், பயாஸை மட்டும் புதுப்பித்துக்கொண்டு, பல போர்டுகளில் 2022-ன் 5800எக்ஸ்3டி வரை போக முடிந்தது. இன்டெலில் அதே காலத்தில் எல்ஜிஏ 1151 என்ற ஒரே பெயருள்ள சாக்கெட்டிலேயே, 2017-ல் வந்த எட்டாம் தலைமுறைக்குப் பழைய போர்டு செல்லாது என்றார்கள். அந்த 5800எக்ஸ்3டி தனியாகக் கவனிக்கத் தக்கது. அதன் அதிகபட்ச வேகம் 4.5 கிகாஹெர்ட்ஸ். அதற்கு முன் வந்த 5800எக்ஸ் 4.7. வேகம் குறைந்த சிபியு ஆட்டங்களில் முந்தியது. காரணம், சில்லின் மேல் இன்னொரு அடுக்காக ஏற்றிய 64 எம்பி கேஷ் என்ற சிறு மெமரி. மொத்தம் 96 எம்பி. 4 கிகாஹெர்ட்ஸில் ஒரு துடிப்பு 0.25 நானோ விநாடி. ஒரு தரவுக்காக ராமுக்குப் போய்வர 80 நானோ விநாடி ஆனால், சிபியு 320 துடிப்பு சும்மா நிற்கிறது. பக்கத்துக் கேஷிலேயே அது கிடைத்துவிட்டால் அந்தக் காத்திருப்பில் பெரும்பகுதி போய்விடும். ஆட்டங்கள் ஒழுங்கில்லாமல் இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தரவு கேட்பவை. அவற்றுக்குக் கிகாஹெர்ட்ஸைவிடக் கேஷ் உதவுகிறது.

வெப்பத்தை மறந்துவிட்டு இந்த ஊரில் எதையும் வாங்கக் கூடாது. சில்லின் வெப்பநிலை என்பது அறையின் வெப்பநிலையும், அதற்கு மேல் சில்லு தானே உண்டாக்கும் வெப்பமும் சேர்ந்தது. 25 டிகிரி அறையில் 75 டிகிரியில் ஓடும் கார்டு, மே மாத மதியத்தில் 37 டிகிரி அறையில் அதே வேலைக்கு 87-ஐத் தொடும். கம்ப்யூட்டர் பாகங்கள் சூட்டைப் பார்த்துத் தங்கள் வேகத்தைக் கூட்டிக் குறைப்பவை. அதனால் ஒரே மாடல் கார்டு ஊட்டியிலும் வேலூரிலும் ஒரே மாதிரி ஓடாது. பிளேஸ்டேஷன் 5-ல் வேறு வழியைப் பிடித்தார்கள். அதில் வேகத்தைத் தீர்மானிப்பது சூடு இல்லை. சில்லு அந்த நொடியில் எவ்வளவு வேலை செய்கிறது என்ற கணக்கு. எல்லா வீட்டிலும் ஆட்டம் ஒரே மாதிரி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. ஆனால் சோனி குறிப்பிடும் இயக்க வெப்பநிலை 5 முதல் 35 டிகிரி வரைதான். டிவி ஸ்டாண்டின் மூடிய தட்டுக்குள் அதைத் திணித்து, பின்பக்கம் சுவரோடு ஒட்டிவைத்தால் உள்ளே 35 என்பது ஏப்ரலிலேயே தாண்டிவிடும். நான்கு பக்கமும் காற்று போகும் இடத்தில் வையுங்கள். தூசியைத் தவறாமல் உறிஞ்சி எடுங்கள்.

திரைக்கும் கண்ணுக்கும் உள்ள தூரமும் இந்தத் தேர்வில் பெரிய பங்கு வகிக்கிறது. யாரும் அதைச் சொல்வதில்லை. நல்ல பார்வை உள்ள கண், ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு கோணம்வரை பிரித்தறியும். 10 அடி தூரத்தில் அது சுமார் 0.9 மில்லிமீட்டர். 55 அங்குல டிவியில் 1080 ரெசல்யூஷனில் ஒரு புள்ளியின் அகலமே சுமார் 0.63 மில்லிமீட்டர். அதாவது சோபாவில் உட்கார்ந்து ஆடுபவருக்கு 4கே-யின் முழுப் பலனும் கண்ணில் ஏறுவதே கடினம். கன்சோல்கள் உள்ளே குறைந்த புள்ளிகளில் வரைந்து 4கே-க்கு விரித்துக் காட்டுவது தூரத்தில் உறுத்தாமல் போவதற்கு இதுவும் காரணம். மேஜையில் கதை வேறு. 24 அங்குல மானிட்டரை 2 அடியில் வைத்துப் பார்க்கும்போது கண் 0.18 மில்லிமீட்டர்வரை பிரிக்கும். 1080 மானிட்டரின் புள்ளியோ 0.28. ஓரங்களின் பற்கள் தெரியும். மேஜைக்குத்தான் புள்ளிகள் அதிகம் வேண்டும்; வாங்கும்போது நாம் செய்வது நேர்மாறு. இன்னொன்றும் உண்டு: 60 ஹெர்ட்ஸ் மானிட்டருக்கு விநாடிக்கு 140 படம் அனுப்பும் கார்டு வாங்கினால் திரையில் தோன்றுவது 60-தான்.

விலைக்கு வருவோம். கொஞ்சம் பொறுத்தால் கன்சோல் விலை இறங்கும் என்பது நம் அண்ணன்மார் காலத்து அனுபவம், அன்று அது உண்மை. 2000-ல் அமெரிக்காவில் 299 டாலருக்கு வந்த பிளேஸ்டேஷன் 2, 2009-ல் 99 டாலர். டிரான்சிஸ்டர்களைச் சிறிதாக்கச் சிறிதாக்க ஒரே வேலைக்கான சில்லு சின்னதாகி, விலையும் இறங்கியது. அதன் இரண்டு முதன்மைச் சில்லுகள் பின்னாளில் ஒன்றாகவே இணைந்தன. இன்று சிறிதாக்கும் ஒவ்வொரு படிக்கும் தொழிற்சாலைச் செலவு ஏறுவதால் அந்த லாபம் கரைந்துவிட்டது. பிளேஸ்டேஷன் 5 இந்தியாவுக்கு 2021 பிப்ரவரியில் 49,990 ரூபாய்க்கு வந்தது. 2022-ல் 54,990 ஆனது. அமெரிக்காவில் 499 டாலருக்குத் தொடங்கியது, 2025 ஆகஸ்டில் 549 டாலரைத் தாண்டியது. கம்ப்யூட்டர் பக்கமும் ஆறுதல் இல்லை. 2025 கடைசியில் செயற்கை நுண்ணறிவு மையங்கள் மெமரிச் சில்லுகளை அள்ளிக்கொள்ள, ராம் விலை எகிறியது. பொறுத்திருந்தால் மலிவாகும் என்ற நம்பிக்கையில் ஒரு வருடத்தை வீணாக்க வேண்டாம்.

வீட்டில் டிவி நன்றாக இருக்கிறது, படிப்புக்கும் வேலைக்கும் வேறு கம்ப்யூட்டர் இருக்கிறது, ஆட்டம் மட்டுமே நோக்கம் என்றால் கன்சோல் வாங்குங்கள். அந்த விலைக்கு அதே வேகமுள்ள கம்ப்யூட்டரைச் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் எந்தக் கடையிலும் புதுப் பாகங்களால் கட்டித் தரமாட்டார்கள். பல ஆட்டங்களை ஆன்லைனில் ஆட மாதாமாதம் சந்தா வருவதையும், டிஸ்க் டிரைவ் இல்லாத மாடலில் பழைய ஆட்டங்களை விற்கவோ கடன் வாங்கவோ முடியாது என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். டிஸ்க் மாடலுக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் நாலைந்து செகண்ட் ஹேண்ட் ஆட்டங்களிலேயே திரும்பிவிடும்.

பிளஸ் டூ முடித்துக் கல்லூரிக்குப் போகும் பிள்ளை இருக்கும் வீட்டில், கம்ப்யூட்டரே இல்லையென்றால் நான் கன்சோலைச் சொல்லமாட்டேன். நிரல் எழுத, படம் வரைய, வீடியோ வெட்ட, ஆட, எல்லாவற்றுக்கும் ஒரே பெட்டி போதும். மொத்தப் பணத்தையும் முதல் நாளே போட வேண்டியதில்லை. கிராபிக்ஸ் சேர்ந்த சிபியு ஒன்றோடு தொடங்கலாம். ராம் வாங்கும்போது 16 ஜிபி ஒற்றையாக வேண்டாம். 8 ஜிபி இரண்டாக வாங்கி, மதர்போர்டுப் புத்தகம் சொல்லும் ஸ்லாட்களில் மாட்டச் சொல்லுங்கள். தனிக் கார்டு இல்லாத நாள்களில் ஆட்டத்தின் வேகம் அந்த இரட்டைச் சேனலை நம்பித்தான் இருக்கும். எஸ்எம்பிஎஸ்ஸை இன்றைய தேவைக்கு வாங்காமல், பின்னால் வரப்போகும் கார்டை நினைத்து, 80 பிளஸ் சான்று உள்ள 550 அல்லது 650 வாட்டாக எடுங்கள். கடைக்காரர் பெட்டியோடு இலவசமாகத் தரும் எஸ்எம்பிஎஸ்ஸை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வீட்டில் யுபிஎஸ் இருந்தால் அதன் வாட் அளவையும் குறித்துக்கொண்டு போங்கள். 600 விஏ என்று எழுதிய சிறிய யுபிஎஸ் தருவது பொதுவாக 360 வாட்தான். பிறகு வரும் தனிக் கார்டும் சிபியுவும் சேர்ந்து இழுக்கும்போது, கரண்ட் போன அந்த நொடியே எல்லாம் அணைந்துவிடலாம்.